ஆசை செல்லும் திசை

மனிதனை நடத்துவது அறிவு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். உள்ளத்தைச் சற்றே துருவிப் பார்ப்போமாயின், அறிவு வழியைச் சுட்டிக்காட்டுகிறதேயன்றிக் காலை எடுத்து வைக்கச் செய்வது ஆசைதான் என்பது புலனாகும். ஒருவன் எதை அறிந்திருக்கிறான் என்று கேட்டு அவனை முழுவதும் தெரிந்துகொள்ள இயலாது. அவன் எதை விரும்புகிறான், எதை இழக்க அஞ்சுகிறான், யாருடைய நலத்துக்காகத் தன் உறக்கத்தை விட்டுக்கொடுக்கிறான் என்று கேட்டால் அவன் முகம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இந்த ஆசைகளைக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன செய்கிறது? அவற்றை அழிக்கிறதா, அடக்கி வைக்கிறதா, அல்லது வேறொன்றாக மாற்றுகிறதா? இவ்வாரம் நமது மலைநாட்டுத் தோட்டங்களை முன்னிறுத்தி இதனைச் சிந்திப்போம். கிறிஸ்தவர் அல்லாத வாசக அன்பர்களுக்கும் இஃது அந்நியமான பொருள் அன்று. ஆசை இல்லாத வீடு எங்குமில்லை. அன்பு வேண்டாத வீடும் இல்லை.

ஆசையால் எழுந்த நாடு

மலைநாட்டின் பச்சைப் போர்வையே ஆசையால் நெய்யப்பட்டது. 1820-களில் இங்கே கோப்பித் தோட்டங்கள் தோன்றத் தொடங்கின. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்துவிட, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நுவரெலியாவும் ஹற்றனும் டிக்கோயாவும் மஸ்கெலியாவும் தேயிலை மலைகளாயின. இவற்றுக்கெல்லாம் பின்னே நின்றது இலாபம் என்னும் ஆசை.

கடல் கடந்து வந்த ஏழை மக்களுக்கும் ஓர் ஆசை இருந்தது. தேயிலைத் தூரின் அடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித் தங்கள் முன்னோரை அழைத்து வந்தார்கள் என மலையக மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்த அவர்களுள் பலர், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயத்துக் காம்பராவும், துண்டு என்னும் கடன்சீட்டும். அத்துண்டு முறை 1921-இலேதான் ஒழிக்கப்பட்டது.

ஆகவே ஆசைகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. தன் குழந்தைக்கு ஒரு வேளைச் சோறு வேண்டுமென்று தாய் ஏங்குவதும் ஆசை; அக்குழந்தையின் சோற்றைக் குறைத்துத் தன் இலாபத்தைப் பெருக்க எண்ணுவதும் ஆசை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் இரண்டும் செல்லும் திசைகள் வேறு.

அறுப்பதா, திருப்புவதா?

வள்ளுவப் பெருந்தகை 'அன்புடைமை' என்னும் அதிகாரத்தை இல்லறவியலிலும், 'அவா அறுத்தல்' என்னும் அதிகாரத்தைத் துறவறவியலிலும் அமைத்தார். அன்பு வளரவேண்டியது, அவா அறவேண்டியது என்னும் தெளிவு அவ்வமைப்பிலேயே தெரிகிறது. துன்பத்தின் வேர் தணியாத வேட்கையே என்று புத்தபிரான் போதித்தார். நம் நாட்டின் பெரும்பாலான மக்கள் அப்போதனையைப் போற்றுகிறவர்கள். இவ்விரு பேரறிவாளரும் மனித உள்ளத்தின் நோயை நன்கு கண்டவர்கள்.

கிறிஸ்தவ ஆன்றோரும் அந்நோயைக் கண்டார்கள். ஆனால் மருந்தை வேறு விதமாகச் சொன்னார்கள். வட ஆபிரிக்காவில் வாழ்ந்த புனித அகுஸ்தீனார் (354-430) இளமையில் இன்பத்தையும் புகழையும் தேடி ஓடியவர். அந்த ஓட்டத்தை மறைக்காமல் பிற்காலத்தில் தம் கையாலேயே எழுதி வைத்தவர். மனித அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பது அவர் போதனை. மனிதன் கெடுவது பெரும்பாலும் தீயதை விரும்புவதால் அன்று. நல்லவற்றையே ஒழுங்கு தவறி விரும்புவதால் கெடுகிறான். பணம் நல்லதே, மனிதனைவிட அதனை மேலாக மதிக்கும்போது அது கேடாகிறது. குடும்பப் பற்று நல்லதே. அயலான் பசித்திருக்கக் கதவை அடைத்துக்கொள்ளச் செய்யுமாயின் அதுவும் ஒழுங்கு தவறியதே. கடவுளை முதலிடத்தில் வைத்து நேசிப்பவனுக்கு மற்றவை யாவும் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

இயேசுநாதர் தம் சீடருக்குக் கற்பித்த செபத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே அன்றாட உணவைக் கேட்கும் ஒரு வேண்டுதல் உண்டு. பசியை மறந்துவிடு, உணவை வெறுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. உணவைக் கேட்கவே கற்பித்தார். ஆனால் கேட்பவன் தனக்கென்று ஒருமையில் கேட்பதில்லை. எல்லாருக்குமாகப் பன்மையில் கேட்கிறான். தனியறையில் கதவடைத்து நின்று செபித்தாலும் அச்சொல் பன்மையாகவே இருக்கும். அடுத்த காம்பராவில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்திருந்தும் அச்செபத்தைச் சொல்லுகிறவன், தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக நிற்கவேண்டியவன் ஆகிறான். ஆசை அங்கே அழியவில்லை. அதன் எல்லை விரிந்துவிட்டது.

தராசின் முன்னே

சக்கேயுவின் கதையை லூக்கா எழுதிய நற்செய்தியிலே காண்கிறோம். அவன் எரிகோ நகரில் வரி தண்டுவோரின் தலைவன், பெரும் பணக்காரன், குள்ளமானவன். இயேசுவைக் காணவேண்டும் என்ற ஆசையால் மரத்தின்மேல் ஏறினான். அவரோ அவனை அழைத்து அவன் வீட்டுக்கே விருந்தினராகச் சென்றார். அவன் செய்த குற்றங்களை அவர் பட்டியலிட்டதாக அக்கதையில் இல்லை. ஆனால் அவன் தானாகவே எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான்.

அந்த விருந்தின்போது நிகழ்ந்த மாற்றம் எத்தகையது? அதுவரை பொன்னையே நாடிய மனம், தன்னை மதித்து வந்த ஒருவரின் நட்பைக் கண்டதும் பொன்னைச் சிறிதென உணர்ந்தது. பெரிய ஆசை ஒன்று உள்ளே வந்ததால் சிறிய ஆசை தானே இடம் விட்டது. கண்டிப்பால் மட்டும் இம்மாற்றம் நேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

இக்கதையை நம் தோட்டத்துக்குக் கொண்டு வருவோம். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தை அறியாதவர் மலைநாட்டில் இல்லை. காலை முதல் மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்தைப் பெண்கள் வரிசையாகக் கொண்டுவந்து தராசில் இடுகிறார்கள். ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. அக்கழிவு நியாயத்துக்கு மேற்பட்டது என்னும் முறைப்பாடு பழையது, இன்றும் கேட்பது. குறைந்தால் அரைப்பேர். சக்கேயுவின் மனமாற்றம் உண்மையானதாயின், அது கோயிலில் விழும் காணிக்கையில் காணப்படுவதற்கு முன்னர் இந்தத் தராசின் முள்ளிலே காணப்படவேண்டும். நிறுக்கிறவர் கிறிஸ்தவராயின் அவருடைய விசுவாசத்தை அத்தோட்டத்துப் பெண்கள் அன்றாடம் மாலையில் அளந்து பார்க்கிறார்கள் என்றே சொல்லலாம்.

கோயிலும் லயமும்

இங்கே வரலாற்றின் கசப்பான ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. தோட்டங்களைத் திறந்த துரைமாருள் மிகப் பலர் கிறிஸ்தவர்களே. நுவரெலியாவிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852-இல் அர்ப்பணிக்கப்பட்டது. டிக்கோயாவுக்கு அருகே வார்லி என்னுமிடத்தில் 1878-இல் எழுப்பப்பட்ட கல் ஆலயம் இன்றும் அழகாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே முழந்தாளிட்டவர்கள், திங்கட்கிழமை விடிந்ததும் பிரட்டுக்களத்தில் எப்படி நின்றார்கள்? அயலானை நேசி என்ற கட்டளையை அவர்கள் கேளாதவர்கள் அல்லர். ஆனால் இலாப ஆசை தொடங்கும் எல்லையிலே அவர்களுள் பலருடைய அன்பு நின்றுவிட்டது. லயங்களின் இருளே அதற்குச் சான்று.

எனினும் கதை அதனோடு முடியவில்லை. 1854-இல் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்வதற்கென்று ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. தோட்டத்துரைமாரும் அதற்குப் பணம் உதவினர். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் வந்தனர். அவர்கள் துரைமாரின் குதிரைகளில் வந்தவர்கள் அல்லர். தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தவர்கள். தொழிலாளியின் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்கள். லயத்து இஸ்தோப்பில் விளக்கை வைத்து வேதத்தோடு எழுத்தையும் சொல்லிக்கொடுத்தவர்கள். 'கூலி' என்ற சொல் பிற்காலத்தில் அம்மிஷனின் பெயரிலிருந்து நீங்கியது. ஒரு மனிதனைக் கூலி என்று அழைத்துக்கொண்டே அவனைச் சகோதரன் என்றும் அழைக்க நா கூசவேண்டும் அன்றோ!

சமயத்தைத் தழுவியவுடன் ஆசைகள் மந்திரம் போட்டதுபோல் மாறிவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஒரே அப்பத்தில் பங்குகொண்ட சபைகளிலும் சாதிப் பெருமை நெடுங்காலம் நுழைந்து நின்றதை நாம் அறிவோம். மனம் என்னும் நிலத்தைத் திருத்துவது தேயிலை மலையைத் திருத்துவதுபோல நாட்செல்லும் வேலை. கவ்வாத்து வெட்டாத தூர் உயரமாக வளரும். நல்ல கொழுந்து விடாது.

திசை மாறிய இருவர்

அத்தகைய உழைப்பின் பயனை நம் நாட்டிலேயே இருவர் வாழ்க்கையில் காணலாம்.

முதலாமவர், ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த துறவியான லியோ நாணயக்கார ஆண்டகை. 1959-இல் கண்டி மேற்றிராணியாரானார். பழைமையும் சிறப்பும் வாய்ந்த நகரம். அமைந்து நிலைத்த மறைமாவட்டம். 1972-இல் ஊவா மாகாணத்தில் பதுளை மறைமாவட்டம் புதிதாக ஏற்படுத்தப்பட்டபோது, கண்டியை விட்டு அதன் முதல் மேற்றிராணியாராகச் சென்றார். கிராமத்துச் சிங்கள உழவரும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்த ஏழை நாடு அது. பதவியில் இருப்பவர் சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போக ஆசைப்படுவது உலக வழக்கம். இவர் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்குப் போனார். 1982-இல் இறக்கும்வரை அம்மக்களிடையே பணி செய்தார். குருத்துவப் பயிற்சி பெறும் இளைஞர்கள் மதில்களுக்குள் மட்டும் இராமல் மக்களின் வாழ்வை அருகிருந்து கற்கவேண்டும் என்று எண்ணிப் பண்டாரவளையில் அதற்கென ஒரு நிலையத்தையும் அமைத்தார்.

இரண்டாமவர், இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பேர்ஸ் அடிகளார் (1925-2017). ஒக்ஸ்போட்டில் பயின்றவர். தோட்டத்தில் பிறந்தவர் அல்லர், தமிழரும் அல்லர். அக்கல்வியைக் கொண்டு வசதியான கல்லூரிப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ 1972-இல் கண்டியில் 'சத்யோதய' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். உண்மையின் உதயம் என்பது அதன் பொருள். வெவ்வேறு இனத்தவரும் சமயத்தவரும் ஒரே கூரையின்கீழ் கூடி வாழ்ந்து பணிபுரியும் இடமாக அது விளங்கியது.

அக்காலத்தில் தோட்ட மக்களின் நிலை யாது? 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்றனர். அவர்களையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியது, பங்கீட்டு உணவு குறைந்தது, வேலை நாட்களும் குறைந்தன, மரணங்கள் பெருகின.

அந்த 1974-இலே, தோட்டப் பகுதிகளில் பணியாற்றும் குழுக்களை ஒன்றிணைக்கும் செயலகம் ஒன்று உருவாக அடிகளார் முன்னின்றார். தோட்ட மக்களின் குறைகளைக் கணக்கெடுத்து, எழுதி, நாட்டுக்கும் உலகுக்கும் எடுத்துரைத்தார். 1979-இல் தோன்றிய இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். மலையக மக்களின் குடியுரிமைக்காகப் பாடுபட்டோருள் தொழிற்சங்கத்தாருக்கே முதலிடம் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. அந்நெடும் போராட்டத்தின் முடிவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை அளித்தது. ஆயினும், தனக்கு எந்த இலாபமும் இல்லாத ஒரு மக்களின் உரிமையைத் தன் சொந்த ஆசையாக ஏற்று ஒருவர் வாழ்ந்தார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. பிறருக்காகத் தன் ஆசைகளையெல்லாம் கொன்றுவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வது பொருந்தாது. பிறர் நலமே அவருடைய ஆசை ஆகிவிட்டது.

இரக்கமும் அன்பும்

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். நத்தார் காலத்தில் லயங்களுக்குச் சென்று பழந்துணியும் இனிப்பும் வழங்கித் திரும்புவது இரக்கம். அது நல்லதே. ஆனால் இரக்கம் மேலே நின்று கீழே கொடுக்கிறது. அன்பு அருகிலே வந்து அமர்கிறது. இரக்கத்துக்கு ஏழையின் பெயர் தேவையில்லை. அன்புக்குப் பெயர் தெரியவேண்டும்.

உதவியைத் தூண்டிலாக்கி மதத்துக்கு ஆள் சேர்ப்பதும் அன்பு ஆகாது. அங்கே விரும்பப்படுவது மனிதன் அல்லன்; எண்ணிக்கை. இயேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதையில், குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அவன் சமயம் என்ன என்று சமாரியன் கேட்டதாகவோ, குணமானபின் தன்னோடு சேரும்படி வற்புறுத்தியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான். பெரும்பாலோர் இந்துக்களாக வாழும் நம் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் நினைவில் இருத்தவேண்டிய பாடம் இது.

மாணவர்க்கு ஒரு சொல்

நம் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பதே இன்று தோட்டத்துத் தாய்மாரின் தலையாய ஆசை. கூடையைச் சுமந்து சுமந்து தலையில் தழும்பு விழுந்த தாய், தன் மகள் தலையில் அக்கயிறு ஏறக்கூடாது என்று விரும்புவது புனிதமான விருப்பம். அதனால் இன்று ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் லயங்களிலிருந்து எழுகிறார்கள்.

ஆனால் படிப்பு முடிந்து கொழும்புக்குச் சென்ற பிள்ளைகளுள் சிலர் ஊரைக் கேட்டால் ஹற்றன் என்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். விடுமுறைக்கு நண்பரை வீட்டுக்கு அழைக்கமாட்டார்கள். அவர்களைக் குறைகூறுவது எளிது. தோட்டக்காட்டான் என்று இழித்துப் பேசும் உலகமே அந்த நாணத்தை அவர்கள் உள்ளத்தில் விதைத்தது. எனினும் அந்த நாணம் வளர்ந்தால் ஓர் ஆசையாக மாறும். எங்கிருந்து வந்தோம் என்பதைத் துடைத்துவிடும் ஆசை. துடைக்கப்படும்போது அத்தாயின் கைகளும் சேர்ந்தல்லவா மறைகின்றன!

கிறிஸ்தவ விசுவாசம் இம்மாணவர்க்குச் சொல்லுவது என்ன? மாட்டுக் கொட்டிலில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒருவரை ஆண்டவர் என்று வணங்கும் சமயம் அது. தச்சனின் மகன் என்று ஊரார் ஏளனமாய்ச் சொன்ன ஒருவரை வழிபடுகிறவன், தன் தகப்பனின் தொழிலைச் சொல்ல நாணவேண்டியதில்லை. உயரவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. ஏணியில் ஏறியபின் அதனை மேலே இழுத்துக்கொள்ளாதிருங்கள். விடுமுறை நாட்களில் அடுத்த காம்பராப் பிள்ளைக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், உங்கள் ஆசை அவனுக்கும் வழியாகும்.

வீட்டுக்குள்ளே

அன்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெளி உலகையே நோக்குகிறார்கள். அன்பின் கடினமான சோதனை வீட்டுக்குள்ளே நடக்கிறது. தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் அடுப்பண்டையில் நிற்பாள். அவளுடைய கூலியின் ஒரு பங்கு சாராயக் கடைக்குப் போயிருக்கும். அவளிடம் சென்று, பொறுமையே பெண்ணுக்கு அழகு, ஆசையை அடக்கிக்கொள் என்று சமயத்தின் பெயரால் போதிப்பவர்கள் உண்டு. அப்போதனை அநீதிக்குத் துணைபோகிறது.

ஆசையைத் திருத்திக்கொள்ள வேண்டியவன் யாரோ அவனிடமே முதலில் பேசவேண்டும். கிறிஸ்து தம் சபையை நேசித்ததுபோலக் கணவன் மனைவியை நேசிக்கவேண்டும் என்பது பவுல் அடியாரின் போதனை. தன்னையே கொடுத்த அன்பு அது. ஆகவே கணவனிடம் பெரிதாய்க் கேட்கிறது. குடியை விட்டுவிட்ட மனிதன் வெறும் குடியை விட்டவன் அல்லன்; மாலையில் வீடு திரும்பும்போது பிள்ளைகள் ஒளிந்துகொள்ளாமல் ஓடிவருவதை அக்குடியைவிட மேலாக விரும்பக் கற்றுக்கொண்டவன். அவ்வாறு மாறிய தந்தையர் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வருகிற மாதம் சம்பளப் பணம் கைக்கு வந்ததும் நம்மைச் சற்றே கவனித்துப் பார்ப்போம். நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கடையா, கடனா, நகையா, பிள்ளையின் புத்தகமா, பக்கத்துக் காம்பராவில் நோயாய்க் கிடக்கும் கிழவியா? ஒரே நாளில் அவ்வரிசை மாறிவிடாது. சென்ற ஆண்டு கடைசியில் நின்ற முகம் இவ்வாண்டு ஓரிடம் முன்னே வந்திருக்குமாயின், நம் விசுவாசம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.